பெயரும் கறளும்

மேசையில் பழைய வேட்டித் துண்டொன்றை விரித்து, அதன் மேல் அம்மா அந்தக் கத்தியை வைத்தார். மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கும். பெரிதும் சிறிதுமாக இரண்டு அலகு. மரைக் கொம்பில் பிடி. பிடியின் நடுவே சுண்டுவிரல் நகத்தளவு வெள்ளைத் தகடு. அந்தத் தகட்டில் என் பூட்டனின் பெயரின் முதலெழுத்துகளும் 1932 என்ற ஆண்டும் வெட்டப்பட்டிருக்கின்றன. மலாயாவில் ரெயில்வேக் கிளாக்கராக இருந்தவர் அவர். ஓய்வு பெற்று யாழ்ப்பாணத்துக் கொடிகாமத்துக்குத் திரும்பியபோது கந்தோரில் கூட வேலை செய்தவர்கள் கொடுத்த பரிசு இது என்று வீட்டில் சொல்வார்கள்.

அம்மம்மா போனபின் அலுமாரி லாச்சியைத் துப்புரவாக்கும்போது கத்தி வெளியே வந்தது. இதை என்ன செய்வது என்ற கேள்வியும் கூடவே வந்தது.

"அண்ணை, எனக்கு அனுப்பிவிடுங்கோ, கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்கிறன்" என்றான் லண்டனில் இருக்கும் சின்னம்மாவின் மகன். பக்கத்து வீட்டுக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்ல விலைக்குப் போகும். பேரை மட்டும் உரஞ்சி எடுத்துவிடுங்கோ, தம்பி" என்றார். அம்மாவுக்கு இரண்டும் பிடிக்கவில்லை. "வெட்டாத கத்தி வீட்டில எதுக்கு? புளி போட்டுத் தேய்ச்சுப்போட்டு மாங்காய் வெட்டுவம்."

மூன்றும் நியாயமான யோசனைகள்தாம். ஆனால் மூன்றுமே உலோகத்தைப் பாதிக்கும் முடிவுகள். அவற்றில் சிலதைச் செய்துவிட்டுப் பிறகு மனம் மாறலாம். சிலதைச் செய்தால் திரும்ப வழியில்லை. எது எந்த வகை என்று தெரிய வேண்டுமானால், கத்தி எதனால் ஆனது, அதற்குள் இப்போது என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

வில்லும் பதமும்

மடக்குக்கத்தியை எங்கள் பக்கத்தில் வில்லுக்கத்தி என்பார்கள். பொருத்தமான பெயர். பிடியின் முதுகோரமாக ஓடும் எஃகுப் பட்டைதான் அந்த வில்லு. அதன் நுனி அலகின் அடிப்பகுதியை எந்நேரமும் அழுத்திக்கொண்டிருக்கிறது. அலகின் அடி சதுரமாகத் தட்டையாக்கப்பட்டிருப்பதால், முழுதாகத் திறந்தாலும் முழுதாக மடித்தாலும் வில்லு அதைப் பிடித்து நிறுத்தும். இடைநடுவில் அலகு நிற்க விரும்பாது. நல்ல கத்தி மூடும்போது கேட்கும் 'டக்' என்ற சத்தம் அந்த அழுத்தத்தின் சத்தம்தான்.

அலகும் எஃகு, வில்லும் எஃகு. ஆனால் ஒன்று விளிம்பு மழுங்காமல் இருக்க வேண்டும், மற்றது ஆயிரம் தடவை வளைந்தும் முறியாமல் இருக்க வேண்டும். இந்த வேறுபாட்டைத்தான் கொல்லர்கள் 'பதம்' என்கிறார்கள். சிவக்கக் காய்ச்சிய எஃகைச் சட்டென்று குளிரவைத்தால் அது மிகக் கடினமாகும். கண்ணாடி போல நொருங்கவும் செய்யும். பிறகு அதை மெல்லச் சூடாக்கினால் கடினம் சற்றுக் குறைந்து உறுதி கூடும். மினுக்கிய எஃகு 220, 230 பாகை செல்சியஸ் அளவில் வைக்கோல் மஞ்சளாகத் தெரியும். 300 பாகையை நெருங்கும்போது நீலமாகும். மேற்பரப்பில் படரும் மெல்லிய ஒட்சைட்டுப் படலத்தின் தடிப்பு மாற மாற நிறம் மாறுகிறது. மழை நாளில் தார் றோட்டில் சிந்திய எண்ணெய் வானவில் காட்டுவதும் இதே காரணத்தால்தான். மஞ்சளோடு நிறுத்தினால் கத்தி, நீலத்துக்குக் கொண்டுபோனால் வில்லு என்பது தோராயமான கணக்கு.

பழைய கத்தியை மின்சாரச் சாணைக்காரரிடம் கொடுக்கக்கூடாது என்பதற்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. பொறி பறக்கத் தீட்டும்போது மெல்லிய விளிம்பு ஒரு நொடியில் நீலமாகிவிடும். நீலம் ஓடிய இடத்தில் கத்தி இனி வில்லுக்குரிய பதத்தில் இருக்கும். தீட்டத் தீட்ட மழுங்கும். கையால், தண்ணீர் விட்டு, கல்லில் தீட்டினால் அந்தச் சூடு ஏறாது.

அலகின் அடியில், அது சுழலும் ஆணிக்கு அருகே, பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒரு நட்சத்திரமும் ஒரு மோல்ற்றாச் சிலுவையும் தெரிகின்றன. இங்கிலாந்தின் செஃபீல்ட் நகரத்து ஜோசப் ரொட்ஜர்ஸ் நிறுவனத்தின் முத்திரை அது. அதே செஃபீல்டில் 1913இல் ஹரி பிறியர்லி கறள் பிடிக்காத எஃகை உருவாக்கியிருந்தார். ஆனாலும் பல ஆண்டுகளுக்குக் கத்தி அலகுகள் பழைய கார்பன் எஃகிலேயே வந்தன. எங்கள் கத்தியும் அந்த இனம். கூராகும், கறளும் பிடிக்கும்.

எஃகு கப்பலேறி எங்களிடம் வந்த காலத்துக் கத்தி இது. ஒரு காலத்தில் எஃகு எதிர்த்திசையில் போயிற்று. இலங்கையின் சமனலவெவவில், மலைச்சரிவில் அடிக்கும் பருவக்காற்றையே துருத்தியாக்கி எஃகு உருக்கிய உலைகளைத் தொல்லியலாளர் கில்லியன் ஜூலெஃப் அகழ்ந்தெடுத்து, 1996இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய உலைகள் அவை. தென்னிந்தியாவின் உருக்கு செஃபீல்டுக்காரர்களுக்கும் புதிராக இருந்தது. பின்னாளில் மின்காந்தத்தால் பெயர் பெற்ற மைக்கேல் ஃபரடே, 1819 தொடங்கிச் சில ஆண்டுகள் ஜேம்ஸ் ஸ்ரோடார்ட் என்ற கத்தி செய்பவரோடு சேர்ந்து அந்த உருக்கைப் பகுத்துப் பார்த்தார்.

பிடியின் கொம்பும் அப்படிப் பயணம் செய்ததுதான். செஃபீல்டுக்காரர்கள் இந்தியாவிலிருந்து மரைக் கொம்பை மூட்டை மூட்டையாக வாங்கினார்கள். மாட்டுக் கொம்பு நம் நகத்தின் இனம், கெரற்றின். மரைக் கொம்போ எலும்பு. ஆண்டுதோறும் விழுந்து மீண்டும் முளைப்பது. எலும்பானதால் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். கத்தியைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவினால் பிடி வெடிப்பதற்குக் காரணம் இதுதான். உங்கள் வீட்டுக் கத்தியின் பிடி பளபளக்கும் வண்ணப் பிளாஸ்ரிக்காக இருந்தால், அதை உள்ளங்கையால் சூடேற உரஞ்சி முகர்ந்து பாருங்கள். கற்பூர வாசம் வந்தால் அது செலுலொயிட். பஞ்சை நைற்றிரிக் அமிலத்தால் மாற்றி, கற்பூரம் கலந்து செய்த பழைய பிளாஸ்ரிக் அது. முதுமையில் அமிலப் புகையை வெளிவிட்டுத் தன் அலகைத் தானே கறளாக்கும். காற்றோட்டமான இடத்தில், மற்றப் பொருள்களுக்கு எட்ட வைக்க வேண்டும். நெருப்பின் அருகே கொண்டுபோகவே கூடாது.

பெயர் ஏன் கறளவில்லை

கத்தியைத் திறந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது ஒன்று. அலகில் செங்கறள். பெயரிலோ ஒரு புள்ளி கூட இல்லை.

பெயர் வெட்டிய தகட்டையும், பிடியின் முனையில் உலக்கைப் பூண் போல இருக்கும் உலோகத்தையும் 'ஜேர்மன் வெள்ளி' என்பார்கள். அதில் வெள்ளி துளியும் இல்லை. செம்பு பெரும்பங்கு, மீதி நிக்கலும் நாகமும். செம்பைப் போல மென்மையாக வெட்டுளிக்கு இசையும். நிக்கலால் வெண்மையும் நிலைப்பும் வரும். பெயர் வெட்டுவதற்கென்றே இந்தத் தகட்டைப் பிடியில் பதித்து விற்றார்கள். வேலைக்கு எஃகு, பெயருக்கு நிக்கல் வெள்ளி என்று செய்தவனே பிரித்துவைத்திருக்கிறான்.

ஆனால் இந்தப் பங்கீட்டுக்கு ஒரு விலை உண்டு. இரும்பு கறளுவது ஒரு மின் வேலை. ஈரப் படலத்துக்கு அடியில் ஓரிடத்தில் இரும்பு அணுக்கள் இலத்திரன்களை விட்டுவிட்டு நீரில் கரைகின்றன. இன்னோர் இடத்தில் காற்றின் ஒட்சிசன் அந்த இலத்திரன்களை வாங்கிக்கொள்கிறது. கரைந்த இரும்பு மறுபடி ஒட்சிசனோடும் நீரோடும் சேர்ந்து செம்மண் நிறத்தில் படிகிறது. அதைத்தான் நாங்கள் கறள் என்கிறோம், தமிழ்நாட்டில் துரு என்கிறார்கள். இரும்புக்குப் பக்கத்தில் செம்புக் கலவை ஒன்று தொட்டுக்கொண்டு நின்றால், இலத்திரன் வாங்கும் வேலையை அது எடுத்துக்கொள்ளும். கரையும் வேலை முழுதும் இரும்பின் தலையில் விழும். பற்றறிக்குள் நடப்பதும் இதுதான். ஆணியைச் சுற்றி, பூணும் பித்தளை உள்தகடும் அலகைத் தொடும் இடத்தில், கறள் மிக ஆழமாக இருக்கிறது. பூண் பளபளப்பாக இருப்பதற்கு அலகு தன்னைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

இந்த மின்சுற்றுக்கு உப்புத்தான் கம்பி. கொடிகாமம் இருக்கும் தென்மராட்சிக்குத் தெற்கே யாழ்ப்பாணக் கடல்நீரேரி, வடக்கே தொண்டைமானாற்று நீரேரி. எந்தப் பக்கத்துக் காற்றும் உப்போடுதான் வரும். சுத்தமான எஃகு, காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டும்போதே கறளத் தொடங்கும்; மேலே உப்பு இருந்தால் அதற்கும் குறைவான ஈரம் போதும், உப்பு காற்றிலிருந்து நீரை இழுத்துக்கொள்ளும். அதோடு உப்பின் குளோரைட்டு எஃகின் காப்புப் படலத்தைத் துளைத்துச் சின்னச் சின்னக் குழிகள் தோண்டும். குழிக்குள்ளே அமிலம் சேரும், அமிலம் குழியை இன்னும் ஆழமாக்கும். மேலே எண்ணெய் பூசியிருந்தாலும் உள்ளே வேலை நிற்காது. அகழ்ந்தெடுத்த இரும்புப் பொருள்கள் அருங்காட்சியகங்களில் மஞ்சள் துளிகளாக 'வியர்ப்பது' இந்தக் குளோரைட்டினால்தான்.

எல்லாக் கறளும் ஒன்றல்ல. செங்கறள் பொருக்கும் பொடியுமானது. இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் பிடிப்பதால் உப்பி, உதிர்ந்து, புதிய இரும்பைக் காற்றுக்குக் காட்டிவிடும். கருங்கறள் அடர்த்தியாக ஒட்டி நிற்கும். ஓரளவு காப்பாகவும் இருக்கும். வெள்ளைத் துணியால் துடைத்துவிட்டு, வெள்ளைத் தாளின் மேல் சில வாரம் வையுங்கள். தாளில் செம்பொடி விழுந்தால் கறள் இன்னும் உயிரோடு இருக்கிறது. விழாவிட்டால் அது அடங்கிய கறள், அவசரமில்லை.

போத்தலுக்குள் இரண்டு ஆண்டு

பெரிய அலகின் ஒரு பக்கம் மட்டும் வேறு மாதிரி இருந்தது. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். கறளில் கட்டம் கட்டமாகக் கோடுகள். நெடுக்கும் குறுக்குமாக ஒன்றன் மேலொன்று ஏறி இறங்கும் கோடுகள். துணியின் நெசவு!

அம்மாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்.

2000ஆம் ஆண்டு மே மாதம். தென்மராட்சி முழுதும் போரால் இடம்பெயர்ந்துகொண்டிருந்தது. அம்மம்மா காணி உறுதியையும் சில நகையையும் இந்தக் கத்தியையும் பழஞ்சீலைத் துண்டில் சுற்றி, ஹோர்லிக்ஸ் போத்தலுக்குள் இறுக்கி மூடி, பலாமரத்தடியில் புதைத்துவிட்டு வெளிக்கிட்டார். 2002இல் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்தபின் திரும்பி வந்து கிண்டி எடுத்தார். வீட்டுக் கூரை இல்லை. போத்தல் இருந்தது.

கண்ணாடி ஈரத்தை உள்ளே விடாது. உள்ளே இருந்ததை வெளியே போகவும் விடாது. மூடிய அன்றைய காற்றின் ஈரமும், சீலையில் ஊறியிருந்த வியர்வை உப்பும் உள்ளேயே அடைபட்டன. பகலில் மண் சூடேறும்போது ஈரம் ஆவியாகும், இரவில் குளிரும்போது துணியில் இறங்கும். நூல் ஈரத்தை உறிஞ்சி வைத்த இடத்தில் எல்லாம் எஃகு கரைந்தது. கரைந்த இரும்பு நூலோடு ஊறி, நூலின் வடிவத்திலேயே படிந்தது. தொல்லியலாளர்களுக்கு இது பழகிய காட்சி. துணி மண்ணோடு மண்ணாகிப் போன புதைகுழிகளில், அதைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பின் கறளைப் பார்த்தே நெசவை எண்ணிச் சொல்வார்கள்.

அன்றைக்குத்தான் புரிந்தது. இந்தக் கத்தியில் எழுத்து இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று மலாயாவில் யாரோ ஒரு கைத்தொழிலாளி உளியால் வெட்டியது. மற்றது அம்மம்மாவின் சீலை எழுதியது.

கைக்கு வரும் ஆசைகள்

இனி மூன்று யோசனைகளையும், அவற்றோடு கைக்கு வரும் வேறு பழக்கங்களையும் எடுத்துப் பார்க்கலாம்.

புளி. பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி போடுவது நம் வீட்டுப் பழக்கம். புளியின் தார்த்தாரிக் அமிலம் பித்தளையின் மேற்படலத்தைக் கரைத்துப் பளபளப்பாக்கும். எஃகில் அது கறளோடு நிற்காது, நல்ல இரும்பையும் அரிக்கும். கழுவி எடுத்த வெற்று எஃகு, கொடிகாமத்துக் காற்றில் பொழுது சாய்வதற்குள் மறுபடி சிவந்துவிடும். நெசவுத் தடமோ முதல் தேய்ப்பிலேயே போய்விடும்.

மினுக்கி. கடையில் வாங்கும் பித்தளை மினுக்கிகளில் நுண்ணிய அரைபொடி உண்டு. ஒவ்வொரு முறையும் எழுத்தின் விளிம்பிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அளவு கழிக்கும். பாட்டிமாரின் செம்புகளில் வெட்டிய பெயர்கள் தடவினால் மட்டும் தெரிகிற அளவுக்கு வழுவழுத்துப் போனது இப்படித்தான். சில மினுக்கிகளில் அமோனியாவும் இருக்கும். அமோனியா பித்தளைக்கு என்ன செய்யும் என்பதற்கு ஓர் இந்தியக் கதை உண்டு. பிரித்தானிய இந்தியப் படையின் பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் தாமாக வெடித்துக் கீறின. குதிரை லாயங்களில் வைத்திருந்த உறைகள் அவை. குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அமோனியாவும், உருவாக்கும்போது உலோகத்துக்குள் தங்கிய இழுவிசையும் சேர்ந்து செய்த வேலை என்று 1921இல் விளக்கினார்கள்.

மண். இதை யாரும் நினைப்பதில்லை. எங்கள் பக்கத்து மண் மணல். மணலின் குவார்ட்ஸ், கத்தி எஃகைவிடக் கடினம். முற்றத்துத் தூசி படிந்த துணியால் துடைத்தால் அது அரத்தாள் பிடித்த மாதிரி.

பக்கத்து வீட்டு ஐயா சொன்ன யோசனை, பெயரை உரஞ்சி எடுப்பது. அவர் சொன்னதில் வியாபார நியாயம் இருக்கிறது. அறியாதவர் ஒருவரின் முதலெழுத்து வெட்டிய கத்தியை வாங்கப் பலர் தயங்குவார்கள். ஆனால் பெயரை எடுக்க ஒரே வழி, எழுத்தின் ஆழத்துக்குத் தகட்டையே தேய்ப்பது. மெல்லிய தகடு குழிந்துபோகும். சுற்றியிருக்கும் கொம்பிலும் தேய்மானம் தெரியும். அனுபவமுள்ள கண் அந்தக் குழியை உடனே காணும். அங்கே ஒரு பெயர் இருந்தது என்று தெரியும், யார் பெயர் என்று மட்டும் தெரியாது.

உலோகம் அவ்வளவு எளிதில் மறப்பதும் இல்லை. ஓர் இலக்கத்தை எஃகில் அடித்துப் பதிக்கும்போது, கண்ணுக்குத் தெரியும் பள்ளத்துக்குக் கீழேயும் உலோகத்தின் படிகங்கள் நசுங்குகின்றன. நசுங்கிய இடம் அமிலத்தில் வேறு வேகத்தில் அரிபடும். திருடிய துப்பாக்கியில் அராவிய இலக்கத்தைத் தடயவியலாளர்கள் செப்புக் குளோரைட்டும் அமிலமும் கலந்த கரைசலைத் தடவி மீட்பது இப்படித்தான். உளியால் வெட்டிய எழுத்தில் இந்த நசுங்கல் ஆழம் குறைவு. ஆதலால் மீட்பதும் கடினம்.

அந்தப் பெயரிடம் இன்னும் கேட்க வேண்டியதும் இருந்தது. 1932 என்பது உண்மையில் அந்தக் காலத்தில் வெட்டியதா? விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தேன். தகட்டில் குறுக்கே போகும் கீறல்கள் எழுத்தின் ஓரத்தையும் சேர்த்தே கீறியிருந்தன. ஆகவே எழுத்து மூத்தது, கீறல் இளையது. கோட்டின் இரு சுவரும் வழுவழுப்பாக இருந்தன. மின்கருவியால் வெட்டினால் வரும் நடுக்கம் இல்லை. மண் அடுக்குகளில் எது மேலே, எது கீழே என்று பார்த்துக் காலத்தை வரிசைப்படுத்தும் அதே முறைதான் இது.

ஒரு பெயர் எவ்வளவு பெறுமதி என்பதற்கு எங்கள் பக்கத்திலேயே சான்று உண்டு. யாழ்ப்பாண நகருக்கு அருகே ஆனைக்கோட்டையில் 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் அகழ்ந்தபோது, ஒரு புதைகுழியில் சிறிய முத்திரை ஒன்று கிடைத்தது. அதிலிருந்த பிராமி எழுத்துகளைக் 'கோவேத' என்று வாசித்தார்கள். தமிழ்நாட்டின் கீழடியில் கிடைத்த பானை ஓடுகளிலும் ஆதன், குவிரன் என்று ஆட்பெயர்கள். அந்தப் பெயர்களை யாராவது 'விலை போகாது' என்று உரஞ்சியிருந்தால், ஒரு சில்லும் ஓர் ஓடும்தான் மிஞ்சியிருக்கும்.

லண்டன் தம்பிக்கு அனுப்பலாம். அது திரும்பக்கூடிய முடிவு. ஆனால் விமானத்தில் கைப்பையில் போகாது, ஏற்றும் பெட்டியில்தான் போகும். மரைக் கொம்பு இருப்பதால் வனவிலங்குத் திணைக்களத்திடமும் சுங்கத்திடமும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். அங்கே போனபிறகும் சட்டம் உண்டு. பிரித்தானியாவின் 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி, காரணம் காட்டாமல் பொது இடத்தில் வைத்திருக்கக்கூடியது வெட்டுவிளிம்பு 3 அங்குலத்துக்கு மிஞ்சாத மடக்குக்கத்தி மட்டும். திறந்தால் பூட்டிக்கொள்ளும் கத்தி அந்தக் கணக்கில் சேராது. எங்கள் வில்லுக்கத்தி பூட்டாது. வீட்டுக்குள் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதற்குத் தடையில்லை.

செய்தது

முதலில் கறளை நிறுத்தினோம், முடிவைப் பிறகு எடுத்தோம். தையல் மெஷின் எண்ணெயை ஆணியில் இரண்டு சொட்டு விட்டு ஒரு நாள் வைத்தேன். தேங்காயெண்ணெய் வேண்டாம் என்றேன். நாளாக ஆகச் சிக்குப் பிடித்து அமிலம் விடும், மெஷின் எண்ணெய் அப்படிக் கெடாது. அலகை வலிந்து திறக்கவில்லை. வில்லின் அடியில் கறள் குழி இருந்தால், அவசரப்பட்டு இழுக்கும்போது அந்த இடத்திலேயே முறியும். இடுக்கிலிருந்த அழுக்கைத் தென்னை ஈர்க்கால் எடுத்தேன். ஈர்க்கு எஃகைக் கீறாது.

பெரிய அலகின் நெசவுப் பக்கத்தில் கை வைக்கவில்லை. உதிர்கிற பொடியை மட்டும் மென்தூரிகையால் தட்டிவிட்டு, எண்ணெய் பூசாமல் விட்டோம். எண்ணெய் நூல் தடத்துக்குள் இறங்கினால் பிறகு யாராவது ஆராய விரும்பினாலும் கடினம். தோலுறையில் வைக்கவில்லை. பதனிட்ட தோலில் அமிலமும் உப்பும் இருக்கும்; பித்தளை பச்சையாகும், எஃகு சிவக்கும். இறுக மூடும் பிஸ்கட் ரின்னில், மருந்துப் போத்தல்களோடு வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்துப் போட்டு அதற்குள் கத்தி. அதோடு ஒரு தாளில் பென்சிலால் எழுதியது: யாருடையது, யார் சொன்னது, எந்தப் பலாமரம், எந்த ஆண்டு. மை பரவும், பென்சில் பரவாது.

"அப்ப வெட்டவே கூடாதோ?" என்றார் அம்மா.

சின்ன அலகு இருந்தது. அதில் நெசவு இல்லை, வெறும் மேற்கறள்தான். எண்ணெய் விட்டுத் துணியால் மெல்லத் துடைத்து, தண்ணீர் விட்டுக் கல்லில் தீட்டினேன். மறுநாள் கொடிகாமம் சந்தையில் வாங்கிய கறுத்தக்கொழும்பான் காயை அம்மா அதால் கீறினார். சிறிது நேரத்தில் அலகில் ஒரு நீலக் கறுப்புப் படர்ந்தது. மாங்காயின் துவர்ப்புப் பொருள் இரும்போடு சேரும்போது வரும் நிறம் அது. கடுக்காயும் அன்னபேதியும் கலந்து நம் முன்னோர் மை காய்ச்சியதும் இந்தச் சேர்க்கையில்தான்.

அம்மா சீலைத் தலைப்பால் அலகைத் துடைத்தார். கறுப்பு அப்படியே இருந்தது. "இது போகாது போல" என்றார். நானும் போக்க முயலவில்லை.